ஜன்னலில் கொஞ்சம் தண்ணீர்

மே மாதம். மன்னார்குடி.
பாமணி ஆற்றங்கரையில் புது ஓட்டல்,
பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.
மெனு அட்டைக்கு இருபத்திரண்டு பதார்த்தம்,
உள் அலங்காரத்துக்கு ஆறு படம்,
ஜிஎஸ்டி தனி.

முதலில் வஞ்சிர வறுவல்.
முழுசாக வெந்த மீன் கேமராவுக்குச் சுருங்கித் தெரியும்.
முக்கால் வேக்காட்டில் எடுத்து
மேலே எண்ணெயைத் தூரிகையால் தீட்டி
கறிவேப்பிலையை இடுக்கியால் நிறுத்தினேன்.
மாஸ்டர் ஜபருல்லா கரண்டியோடு வந்து பார்த்தார்.
"வேகாத மீனை ஜபருல்லா வச்சான்னு
யாரும் சொல்லிடக் கூடாதும்மா."
படம் முடிந்ததும்
துண்டைத் திரும்பக் கல்லில் போட்டு
மீதி வேக்காட்டையும் கொடுத்த பிறகுதான்
அடுத்த தட்டை அனுப்பினார்.

சாம்பாருக்கு ஆவி வேண்டும்.
ஈரப் பஞ்சை மைக்ரோவேவில் சுட வைத்து
கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்தேன்.
வாழை இலையில் கிளிசரின் துளிகள்.
உருளா, காயா,
எத்தனை மணி நேரமானாலும்
இப்போதுதான் கழுவியது போல் நிற்கும்.

மதியத்துக்கு மேல் கூடம்.
விளக்குகளை அணைத்துவிட்டு
லென்சுக்குக் கறுப்பு ஃபில்டர் மாட்டி
ஜன்னல் வெளிச்சத்தில் எட்டு விநாடி.
அந்த எட்டு விநாடிக்குள் வேம்பு
துடைப்பமும் வாளியுமாகக்
குறுக்கே நடந்து போனார்.
பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு
"கெட்டுப்போச்சா?" என்றார்.
திரையைக் காட்டினேன்.
நாற்காலிகள், பித்தளைத் தொங்கு விளக்குகள்,
அவர் துடைத்த தரையின் பளபளப்பு.
ஆள் இல்லை.
அசையாமல் இருப்பவரைத்தான் இது பிடிக்கும் என்றேன்.
"அப்ப உக்காந்தா விழுவேனா?"
நாலாம் மேசையில் உட்கார்ந்தார்.
வாளியைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு
முந்தானையைச் சரிசெய்துகொண்டு
மூச்சைக்கூடப் பிடித்திருந்தார்.
விழுந்தார்.
முதலாளிக்கு அனுப்பிய ஆறில் அந்தப் படம் இல்லை.
வேம்புவின் வாட்ஸப் முகப்பில் இருக்கிறது.

சிக்கல் ஜன்னலில்தான்.
மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி.
ஆற்றைக் காட்டத்தான் அத்தனை லட்சமும்.
கண்ணாடிக்கு அப்பால் ஆறு
மணலும் காட்டாமணக்குமாகக் கிடந்தது.
நடுவில் இரண்டு ஆடு, மூன்று ஸ்டம்பு,
யாரோ கழற்றிப்போட்ட ஒற்றைச் செருப்பு.
கலியமூர்த்தி என் தோளுக்குப் பின்னால் நின்று
ரொம்ப நேரம் பார்த்தார்.
பிறகு, மதகு திறக்கும் லஸ்கரிடம்
கேட்பது போலக் கேட்டார்:
"மேடம், கொஞ்சம் தண்ணி விட்டுடுங்களேன்."

என்னிடம் தண்ணீர் இருந்தது.
போன ஆடியில் நீடாமங்கலம் பக்கம்,
மூணாறு தலைப்பில் எடுத்தது.
ஹார்ட் டிஸ்கில் அதற்கென்று ஒரு ஃபோல்டர்:
செம்மண் நிறம், நுரை,
முதல் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும் சருகு.
ராத்திரி பதினொன்றரைக்கு
ஆடுகளை அழித்தேன். ஸ்டம்புகளை அழித்தேன்.
செருப்பு கொஞ்சம் நேரம் எடுத்தது.
போன வருஷத்துத் தண்ணீரை
இந்த வருஷத்து மணல்மேல் பரப்பி
ஓரத்தைக் கரையோடு ஒட்டினேன்.
அதன் அலையாட்டம் உத்தரத்தில் விழுவதுபோல்கூட
லேசாக ஒரு வெளிச்சம் வைத்தேன்.
நன்றாகவே வந்திருந்தது.
மறுநாளே பாக்கிப் பணமும் வந்தது.

ஜூன் முதல் வாரம் ஒரு போன்.
பேனரின் மூலையில் என் எண் பொடி எழுத்தில் இருக்கும்,
அதைத் தேடிப் பிடித்திருக்கிறார்.
இடும்பாவனத்துக்காரர். பெயர் சிங்காரவேல்.
பஸ்ஸிலிருந்து பார்த்தாராம்.
கல்யாண ஆல்பமா என்று கேட்டேன்.
"இல்லீங்க. அந்த ஜன்னல்ல தெரியிற தண்ணி,
அது என்னைக்கு எடுத்தது?
மேட்டூர் முன்கூட்டியே தொறந்துட்டாங்களா?
எங்களுக்கு வந்து சேர இன்னும் பதினஞ்சு நாள் ஆகும்,
அதான், விதை ஊறப் போடலாமான்னு."

ஊறப் போடாதீங்க என்றேன்.
எதிர்முனையில் ஒரு டிராக்டர் கடந்து போனது.
"போன வருஷத்துதா?"
ஆமாம்.
"அதானே. போன வருஷம் நல்ல தண்ணி."

வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.
அங்கே சாப்பாடு எப்படி என்று கேட்டார்.
மீன் நன்றாக வெந்திருக்கும் என்றேன்.